பின்னால் வரும் காரால் ஏன் முந்த முடிவதில்லை? பந்தயக் கார் வடிவமைப்பு விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்களில் ஃபார்முலா 1 தான் அதிகம் வரும். கார்கள் நெருங்கி ஓட வேண்டும் என்பதற்காகவே விதிகளை மாற்றி மாற்றிப் பார்த்த வரலாறு அங்கேதான் நீளம். அமெரிக்கக் கார் பந்தயங்களான இண்டிகார், நாஸ்கார், மோட்டார் சைக்கிள் பந்தயமான மோட்டோஜிபி பற்றியும் தேவையான இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

பின்னால் வரும் கார்தான் வேகமானது என்று லேப் நேரமே சொல்கிறது. அப்புறம் ஏன் முந்த முடியவில்லை?

தனியாக ஓடும்போது ஒரு காருக்கு இருக்கும் வேகம் வேறு, இன்னொரு காரின் பின்னால் ஒட்டி ஓடும்போது இருக்கும் வேகம் வேறு. முன்னும் பின்னும் உள்ள விங்குகளும் காரின் அடித்தளமும் காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்துகின்றன. இதைத்தான் டவுன்ஃபோர்ஸ் என்கிறோம். வேகமான திருப்பத்தில் டயர் வழுக்காமல் நிற்பது பெரும்பாலும் இதன் தயவில்தான்.

விங் ஒழுங்காக வேலை செய்யச் சீரான காற்று வேண்டும். முன்னால் போகும் கார் அந்தக் காற்றைக் கலக்கிவிட்டுப் போகிறது, மோட்டார் படகு போன தடத்தில் தண்ணீர் கொந்தளிப்பதைப் போல. பின்னால் வருகிறவர் அந்தக் கலங்கலுக்குள் திருப்பத்தில் நுழைந்தால் முன்சக்கரங்களின் பிடிப்பு சட்டென்று குறையும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். வேறு வழியில்லாமல் வேகத்தைக் குறைக்கிறார், இடைவெளி கூடுகிறது. அடுத்த நேர்ப்பாதையில் முந்துவதற்கு வேண்டிய நெருக்கம் அங்கேயே கைவிட்டுப் போகிறது.

2010 அபுதாபி பந்தயத்தைப் பாருங்கள். ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்கு 4-ஆம் இடம் கிடைத்திருந்தால் சாம்பியன் பட்டம் அவருடையது. பிட் ஸ்டாப் (டயர் மாற்ற நிற்பது) முடிந்து வெளியே வந்தவர் ரெனோ காரில் இருந்த விட்டாலி பெட்ரோவின் பின்னால் மாட்டிக்கொண்டார். கையில் இருந்தது ஃபெராரி. அப்படியும் கடைசி வரை முந்த முடியவில்லை. 7-ஆவதாக முடித்தார், பட்டம் செபாஸ்டியன் வெட்டலுக்குப் போனது.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தகுதிச்சுற்று கார்களை வேகப்படி வரிசையாக நிறுத்திவிடுகிறது. வேகமானவர் முன்னாலும் மெதுவானவர் பின்னாலும் கிளம்பினால், முந்துவதற்கு இயல்பாகவே காரணம் குறைவு. எந்த விதியை மாற்றினாலும் இது அப்படியேதான் இருக்கும்.

முன்னால் போகும் காரின் நிழலில் போனால் வேகம் கூடும் என்பார்களே. காற்று உதவுகிறதா, கெடுக்கிறதா?

இரண்டும்தான். நேர்ப்பாதையில் முன்கார் காற்றை விலக்கித் தருவதால் பின்காருக்கு எதிர்ப்பு குறைவு, அதனால் வேகம் கூடும். இதுதான் ஸ்லிப்ஸ்ட்ரீம். அதே கலங்கல் திருப்பத்தில் டவுன்ஃபோர்ஸைத் தின்றுவிடும். கார் எந்த அளவுக்கு டவுன்ஃபோர்ஸை நம்பி ஓடுகிறதோ, அந்த அளவுக்குத் திருப்பத்தில் நட்டம் அதிகம்.

டவுன்ஃபோர்ஸ் மிகக் குறைவாக இருந்த காலத்தில் இந்தத் தராசு மறுபக்கம் சாய்ந்திருந்தது. 1971-இல் மான்ஸா தடத்தில் சிக்கேன்கள் (வேகத்தைக் குறைக்க வைக்கும் குறுகிய நெளிவுகள்) கிடையாது. பீட்டர் கெதின் 0.01 வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தார், முதல் ஐந்து கார்களும் 0.61 வினாடிக்குள் கோட்டைக் கடந்தன. அடுத்த ஆண்டே அந்தத் தடத்தில் சிக்கேன் போட்டுவிட்டார்கள்.

எவ்வளவு டவுன்ஃபோர்ஸ் போகிறது? எண்கள் உண்டா?

2022 விதிகளை அறிமுகப்படுத்தியபோது சொல்லப்பட்ட கணக்கு இது. 2021-ஆம் ஆண்டுக் கார், முன்காருக்கு 20 மீட்டர் பின்னால் வந்தால் 35 சதவீத டவுன்ஃபோர்ஸை இழக்கும். 10 மீட்டருக்கு நெருங்கினால் 46 சதவீதம் போய்விடும். புதிய வடிவில் இந்த இழப்பு 4 சதவீதமும் 18 சதவீதமும்தான் என்றார்கள்.

மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் 20 மீட்டர் என்பது 0.36 வினாடி. திரையில் இடைவெளி ஒரு வினாடி என்று காட்டும்போது கார்கள் ஏறத்தாழ 55 மீட்டர் தள்ளி இருக்கின்றன. சண்டை நடப்பதெல்லாம் அதற்கும் உள்ளேதான்.

விங்கையே கழற்றி எறிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

நெருக்கமான பந்தயம் மட்டும் வேண்டுமென்றால், ஆமாம், கிட்டத்தட்ட தீர்ந்தது. 1967-இல் தொடங்கிய ஃபார்முலா ஃபோர்டு கார்களில் விங் கிடையாது, டயரும் ஒல்லி. ஒரே சுற்றில் முதலிடம் நாலைந்து முறை கைமாறுவது அங்கே பெரிய செய்தியே அல்ல.

ஆனால் ஃபார்முலா 1 உலகின் மிக வேகமான தடப் பந்தயக் காராகவும் இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். விங் இல்லாவிட்டால் திருப்ப வேகம் கீழே விழும், கீழ்வகுப்புக் கார்களே லேப் நேரத்தில் தாண்டிவிடும். அதனால் டவுன்ஃபோர்ஸை ஒழிப்பதைவிட, அது காரின் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்பதை மாற்றலாம் என்று யோசித்தார்கள்.

கிரவுண்ட் எஃபெக்ட் என்கிறார்களே, அது இதற்கு எப்படி உதவும்?

காரின் அடியில் சுரங்கம் போன்ற வடிவம் கொடுத்தால் அங்கே காற்று வேகமெடுத்து அழுத்தம் குறையும், கார் தரையோடு உறிஞ்சப்படும். கலங்கிய காற்று வந்தாலும் இந்த வகை டவுன்ஃபோர்ஸ் விங்கிலிருந்து வருவதைப் போல அவ்வளவு சீக்கிரம் குலைவதில்லை.

யோசனை புதிதல்ல. 1977-இல் லோட்டஸ் 78 காரிலும் அடுத்த ஆண்டு லோட்டஸ் 79-இலும் காலின் சாப்மேனின் அணி இதைச் செய்து காட்டியது. 1978 பட்டம் மாரியோ ஆன்ட்ரெட்டிக்கு. ஆனால் அப்போது நோக்கம் முந்துவது அல்ல, வெறும் வேகம். பக்கவாட்டில் தரையைத் தொடும் திரைகள் காற்றை உள்ளே அடைத்து வைத்தன. அந்தத் திரை சிக்கிக்கொண்டாலோ தூக்கிக்கொண்டாலோ நடுத் திருப்பத்தில் பிடிப்பு மொத்தமும் போய்விடும். ஆபத்தான சமாச்சாரம். 1983-இல் அடித்தளம் தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. சுரங்க வடிவம் திரும்பி வர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2022 விதிகள் சொன்னபடி வேலை செய்தனவா?

முதலில் செய்தன. அடித்தளம் மட்டுமல்ல, நிறைய இடங்களில் கை வைத்திருந்தார்கள். பின்விங்கின் முனைகளை உருட்டிச் சுழல்களைப் பலவீனப்படுத்தினார்கள், முன்சக்கரத்துக்கு மேல் சிறு தகடு வைத்தார்கள், சக்கரங்களுக்கு மூடி போட்டார்கள், முன்விங்கை எளிமையாக்கினார்கள். கலங்கிய காற்று உயரே எறியப்பட்டு, பின்காரின் தலைக்கு மேலாகப் போக வேண்டும் என்பது திட்டம். 2022 தொடக்கத்தில் சார்ல்ஸ் லெக்ளேரும் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் பல சுற்றுகள் ஒட்டியபடி சண்டை போட்டதைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரிந்திருக்கும். முந்தைய தலைமுறைக் கார்களில் இரண்டு முயற்சிகளிலேயே டயர் போயிருக்கும்.

அப்புறம் இரண்டு விஷயங்கள் நடந்தன. முதலாவது, கார்கள் நேர்ப்பாதையில் குதிக்க ஆரம்பித்தன. 2022 பாக்கு பந்தயம் முடிந்து லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். 2023-இல் அடித்தளத்தின் ஓரத்தை 15 மி.மீ. உயர்த்தி இதைக் கட்டுப்படுத்தினார்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். முன்சக்கரம் உருளும்போது கிளப்பும் மோசமான காற்றை வெளிப்பக்கமாகத் தள்ளிவிட்டால் தன் காரின் அடித்தளத்துக்குச் சுத்தமான காற்று கிடைக்கும். தள்ளிய குப்பை பின்னால் வருகிறவர் தலையில் விழும். விதி இதைத் தடுக்கப் பார்த்தது. பொறியாளர்கள் முன்விங்கின் ஓரத்திலும் பிரேக்குக்குக் குளிர்காற்று கொண்டுபோகும் குழாய்களிலும் அடித்தளத்தின் விளிம்பிலும் சந்து கண்டுபிடித்து மறுபடியும் வெளியே தள்ளத் தொடங்கினார்கள். 2024, 2025 வாக்கில் பின்தொடர்வது மீண்டும் கடினமாகிவிட்டது என்று ஓட்டுநர்கள் வெளிப்படையாகவே புலம்பினார்கள்.

அணிகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வேலை தங்கள் காரை வேகமாக்குவது. பின்னால் வருகிறவனுக்கு நல்ல காற்று கொடுங்கள் என்று யாரும் அவர்களுக்குச் சம்பளம் தருவதில்லை.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறதா?

2009-இல் அச்சு அசலாக நடந்தது. முந்துவதை எளிதாக்கவே ஒரு பணிக்குழு அமைத்து, அதன் பரிந்துரைப்படி முன்விங்கை 1400 மி.மீட்டரிலிருந்து 1800-ஆக அகலமாக்கினார்கள். பின்விங்கை 1000 மி.மீட்டரிலிருந்து 750-ஆகக் குறுக்கி, உயர்த்தி வைத்தார்கள். வரிப்பள்ளம் போட்ட டயர் போய் வழுவழுப்பான ஸ்லிக் டயர் திரும்பியது. டவுன்ஃபோர்ஸைப் பாதியாகக் குறைப்பது இலக்கு.

சீசன் தொடங்குவதற்குள்ளேயே பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் மூன்று அணிகளும் இரட்டை டிஃப்யூசருடன் வந்துவிட்டன. டிஃப்யூசர் என்பது அடித்தளத்தின் பின்முனையில் காற்றை விரித்து வெளியேற்றும் பகுதி. விதியின் எழுத்தை மீறாமல் இழந்த டவுன்ஃபோர்ஸில் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டார்கள். மேல்முறையீட்டிலும் அது செல்லும் என்று தீர்ப்பாகவே, மற்ற அணிகளும் ஓடிப்போய் அதையே செய்தன. முதல் ஏழு பந்தயங்களில் ஆறில் ஜெயித்து ஜென்சன் பட்டன் பட்டம் வாங்கினார். பணிக்குழுவின் கணக்கு தாளோடு நின்றது.

டிஆர்எஸ் ஏமாற்று வேலையா?

2010 அபுதாபியில் அலோன்சோ மாட்டிக்கொண்டதைப் பார்த்தவர்களுக்கு, அடுத்த ஆண்டே டிஆர்எஸ் வந்தது ஆச்சரியமாக இருந்திருக்காது. முன்காருக்கு ஒரு வினாடிக்குள் வந்தால், குறிப்பிட்ட நேர்ப்பாதையில் பின்விங்கின் மடலைத் திறந்து எதிர்ப்பைக் குறைக்கலாம். முன்னால் இருப்பவருக்கு அந்த உரிமை இல்லை. 2025 வரை இதுதான் நடைமுறை.

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் தவறான இடத்தில் கொடுத்த உதவி. நோய் இருப்பது திருப்பத்தில், டிஆர்எஸ் வேலை செய்வது நேர்ப்பாதையில். பகுதி நீளமாக இருந்தால் பிரேக் போடும் இடம் வருவதற்குள் முந்தல் முடிந்திருக்கும், தற்காத்துக்கொள்ள முன்னவருக்கு வாய்ப்பே இராது. குட்டையாக இருந்தால் பயனில்லை. நாலைந்து கார் ஒரே வரிசையில் ஒரு வினாடிக்குள் வந்துவிட்டால் தலைவரைத் தவிர எல்லோருடைய மடலும் திறக்கும். யாருக்கும் லாபமில்லாமல் ரயில் மாதிரி போய்க்கொண்டே இருப்பார்கள்.

2022 ஜெட்டாவில் ஒரு வேடிக்கை நடந்தது. கடைசித் திருப்பத்துக்கு முன் இருக்கும் அளவுக்கோட்டை யார் முதலில் கடக்கிறாரோ அவருக்கு டிஆர்எஸ் கிடைக்காது. வெர்ஸ்டாப்பனும் லெக்ளேரும் நீ முதலில் போ என்று மாறி மாறி பிரேக் போட்டார்கள். உலகின் வேகமான இரண்டு கார்கள், யார் மெதுவாகப் போவது என்று போட்டி!

டயருக்கும் இதில் பங்கு உண்டா?

நிறைய. கலங்கிய காற்றில் டவுன்ஃபோர்ஸ் குறைந்தால் கார் வழுக்கும், வழுக்கினால் டயரின் மேற்பரப்பு சூடேறும், சூடேறினால் பிடிப்பு மேலும் போகும். அதனால்தான் ஓட்டுநர்கள் இரண்டு சுற்று முயன்றுவிட்டு, வேண்டுமென்றே இரண்டு வினாடி பின்வாங்கி டயரைக் குளிர வைக்கிறார்கள்.

மறுபக்கம், டயர் தேய்வதுதான் முந்தலுக்கு மிக நம்பகமான காரணமும்கூட. 2010 கனடா பந்தயத்தில் டயர்கள் எதிர்பாராத வேகத்தில் தேய்ந்து பந்தயம் அமர்க்களமானது. 2011-இல் வந்த டயர் நிறுவனமான பிரெல்லியிடம் அதுபோல வேகமாகத் தேயும் டயரைத்தான் கேட்டார்கள். தேய்ந்த டயரில் ஒருவர், புது டயரில் ஒருவர் என்றால் காற்று எப்படி இருந்தாலும் முந்தலாம்.

கார்கள் பெரிதானதும் ஒரு காரணமா?

ஆமாம், குறிப்பாகப் பழைய ஒடுக்கமான தடங்களில். 2016 வரை காரின் அகலம் 1800 மி.மீ., 2017 முதல் 2000. அச்சிடைத் தூரம் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள நீளம்) 2022-இல் 3600 மி.மீ. என்று வரம்பு கட்டும் அளவுக்கு நீண்டிருந்தது. 2008-இல் ஓட்டுநரையும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை 605 கிலோ, 2022-இல் 798. ஹைப்ரிட் பாகங்கள், பேட்டரி, ஹேலோ பாதுகாப்பு வளையம் என்று ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டுதான். ஆனால் தடத்தின் அகலம் கூடவில்லையே.

அப்படியானால் மொனாக்கோ?

மொனாக்கோவுக்கு விதி எழுதிப் பயனில்லை. 2024-இல் முதல் பத்துப் பேரும் கிளம்பிய வரிசையிலேயே முடித்தார்கள். முதல் சுற்றில் சிவப்புக் கொடி விழுந்து பந்தயம் நிற்க, எல்லோரும் அப்போதே டயர் மாற்றிவிட்டார்கள். 2025-இல் இரண்டு பிட் ஸ்டாப் கட்டாயம் என்றார்கள். சில அணிகள் ஒரு காரை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, முன்னால் போகும் சக ஓட்டுநருக்குப் பிட் ஸ்டாப் செய்ய இடைவெளி உண்டாக்கிக் கொடுத்தன. பின்னால் வந்தவர்களால் அந்த மெதுவான காரைக்கூட முந்த முடியவில்லை.

2026 விதிகளில் என்ன மாறியிருக்கிறது?

கார் சிறிதாகிறது: அகலம் 1900 மி.மீ., அச்சிடை அதிகபட்சம் 3400 மி.மீ., குறைந்தபட்ச எடை 768 கிலோ. 2022-இல் வந்த ஆழமான சுரங்கங்கள் போய் அடித்தளம் மீண்டும் தட்டைக்கு நெருங்குகிறது. முன்விங், பின்விங் இரண்டும் நேர்ப்பாதையில் திறந்து திருப்பத்தில் மூடும். இது எல்லாக் கார்களுக்கும் உண்டு, பின்னால் வருகிறவருக்கு மட்டுமான சலுகை அல்ல. ஆகவே டிஆர்எஸ் இல்லை.

பின்னால் வருகிறவருக்கான உதவி இப்போது மின்சாரத்தில் வருகிறது. மின்மோட்டாரின் சக்தி 350 கிலோவாட். மணிக்கு 290 கி.மீ. தாண்டியதும் முன்னவருக்கு இந்தச் சக்தி படிப்படியாகக் குறையும். ஒரு வினாடிக்குள் இருப்பவருக்கு 337 கி.மீ. வரை முழுதாகக் கிடைக்கும். எங்கே செலவழிப்பது என்பதை ஓட்டுநர் முடிவு செய்யலாம் என்பதால் டிஆர்எஸ்ஸைவிட இது எனக்குப் பிடிக்கிறது. ஆனாலும் இதுவும் நேர்ப்பாதை உதவிதான் என்பதை மறக்கக் கூடாது.

பிரேக்கைப் பலவீனமாக்கினால் முந்த இடம் கிடைக்காதா?

ஓரளவுக்குத்தான். பிரேக் தூரத்தைத் தீர்மானிப்பது வட்டின் வலிமையைவிட டயரின் பிடிப்பும் டவுன்ஃபோர்ஸும் காற்றின் எதிர்ப்பும்தான். இப்போதுள்ள கார்பன் பிரேக் வட்டை எடுத்துவிட்டு இரும்பு வட்டு போட்டாலும் எதிர்பார்க்கும் அளவுக்குத் தூரம் நீளாது.

அமெரிக்கப் பந்தயங்களில் முதலிடம் நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறதே. அவர்களைப் பார்த்து எழுதிக்கொண்டால் என்ன?

அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பதையும் பார்க்க வேண்டும். 1987-இல் டல்லடேகா தடத்தில் நடந்த நாஸ்கார் பந்தயத்தில் பாபி ஆலிசனின் கார் பறந்து தடுப்புவேலியைக் கிழித்தது. அதன்பின் 1988 முதல் டேடோனாவிலும் டல்லடேகாவிலும் இன்ஜினுக்குள் போகும் காற்றைத் தகடு வைத்துக் கட்டுப்படுத்தினார்கள். பாதுகாப்புக்காக வந்த விதி, எல்லாக் கார்களும் ஒரே கூட்டமாக ஓடும் பந்தயத்தை உண்டாக்கியது. 2010, 2011 இரண்டு ஆண்டுகளிலும் டல்லடேகாவின் வசந்தகாலப் பந்தயத்தில் 88 முறை முதலிடம் மாறியது. ஒருவர் தவறினால் இருபது கார் நொறுங்குவதும் அதே கூட்டத்தால்தான்.

2013 இண்டியானாபொலிஸ் 500-இல் 68 மாற்றங்கள். டோனி கனான் ஜெயித்தார். அந்தப் பந்தயத்தில் ஓடிய டல்லாரா கார் காற்றில் பெரிய ஓட்டை போட்டுக்கொண்டு போனதால், முன்னால் இருப்பது வசதியாக இல்லாமல் பாதகமாகவே இருந்தது. பார்க்க விறுவிறுப்புதான். ஆனால் கடைசிச் சுற்றுவரை முன்னால் போகாமல் காத்திருப்பதே புத்திசாலித்தனம் என்றாகிவிட்டால், நடுவில் நடந்த முந்தல்களுக்கு எடை குறைகிறது.

முந்தல் எண்ணிக்கை கூடினால் நல்ல பந்தயம் என்று சொல்லலாமா?

என் கணக்கில் இல்லை. 2005 இமோலாவின் கடைசிச் சுற்றுகளில் மைக்கேல் ஷூமாக்கர் அலோன்சோவின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தார், முந்தவில்லை. அடுத்த ஆண்டு அதே தடத்தில் இடம் மாறி, அலோன்சோ பின்னால் வந்தார், அவரும் முந்தவில்லை. இரண்டையும் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் ஒட்டி ஓட முடிந்ததால்தான் அந்தப் பதற்றம். முந்தல் நடக்கலாம் என்ற சாத்தியம் உயிரோடு இருக்க வேண்டும், எளிதாக இருக்கக் கூடாது. விதி எழுதுபவர்கள் குறி வைக்க வேண்டியது பின்தொடர்வதைத்தான்.

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இந்தத் தொல்லை இல்லையே?

இல்லாமல்தான் இருந்தது. 2015 வாக்கில் டுகாட்டி சிறு விங்குகளைக் கொண்டுவந்தது. துருத்திக்கொண்டிருக்கும் விங்குகளுக்கு 2017-இல் தடை வந்தது, உடனே அவை முகப்பு உறைக்குள்ளேயே கலந்துவிட்டன. இப்போது பின்னால் ஒட்டி ஓடினால் முன்டயர் சூடேறி அழுத்தம் கூடுகிறது, பிரேக் போடும்போது நம்பிக்கை போகிறது. கார்களின் கதையேதான். 2027 முதல் மோட்டோஜிபியில் இன்ஜின் 1000 சிசியிலிருந்து 850 சிசியாகக் குறைகிறது, வண்டியைத் தாழ்த்தும் கருவிகளுக்குத் தடை வருகிறது, முகப்பு உறையின் அகலமும் சுருங்குகிறது.

டிவியில் பார்க்கும்போது, ஒரு கார் நன்றாகப் பின்தொடர முடிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நேர்ப்பாதை முடிவைப் பார்க்காதீர்கள். நீளமான வேகத் திருப்பங்களைப் பாருங்கள்: சில்வர்ஸ்டோனின் மேகட்ஸ்-பெக்கட்ஸ், பார்சிலோனாவின் 3-ஆம் திருப்பம். உள்ளே நுழையும்போது 0.6 வினாடியாக இருந்த இடைவெளி வெளியே வரும்போது 1.1 ஆகிவிட்டால், காற்று காரைத் தள்ளிவிட்டது என்று பொருள். பின்னால் வருகிறவர் முன்காரின் தடத்தை விட்டு அரைக்கார் அகலம் விலகி ஓடுகிறாரா என்றும் கவனியுங்கள். முன்விங்குக்குக் கொஞ்சம் நல்ல காற்று தேடுகிறார். மெதுவான கொண்டை ஊசித் திருப்பத்தில் கார்கள் ஒட்டிக்கொள்வதை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். அங்கே வேகம் குறைவதால் மீட்டர் சுருங்குகிறது, வினாடி அப்படியேதான் இருக்கிறது.